கடலோரத்தில் ஒரு குளிர்ப்பெட்டி: வெப்பமண்டல நகரத்தில் மாநாட்டு மையம் கட்டுவது பற்றி

வெப்பமண்டலக் கடலோர நகரம் ஒன்று மாநாட்டு மையம் கட்டப்போகிறது என்றால், வடிவமைப்புப் போட்டிக்கு எப்படிப்பட்ட படங்கள் வரும் என்பதைப் பாதி முன்கூட்டியே சொல்லிவிடலாம். கூரை அலையாக வளையும். இல்லாவிட்டால் பாய்மரம், சிப்பி, பறவையின் இறக்கை. பொழுது சாயும் நேரம், உள்ளே விளக்கு எரியும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல் தெரியும். படிக்கட்டில் நான்கைந்து பேர் நிதானமாக நடந்துகொண்டிருப்பார்கள். மழை பெய்யாது. சரக்கு லாரி ஒன்றுகூட நிற்காது. புழுக்கத்தைத்தான் எந்தப் படத்திலும் காட்ட முடியாதே.

அந்தப் படங்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நகரத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும், அரசியல்வாதிக்கு ஒரு திறப்பு விழா வேண்டும். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டடம் ஒழுங்காக இயங்குகிறதா, நகராட்சியின் கஜானாவை உறிஞ்சுகிறதா என்பதை முடிவு செய்வது வேறொன்று. மாநாட்டு மையம் இயல்பிலேயே மூடிய பெட்டி. இருட்டாக்க வேண்டும், குளிரூட்ட வேண்டும், வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது. வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்கரையிலோ நல்ல கட்டடம் என்றால் காலங்காலமாகத் திறந்ததுதான்: நிழல், காற்றோட்டம், அகலமான இறவாரம். இவை இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் வந்தாக வேண்டும். எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது, நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் உண்மையான வடிவமைப்பு இருக்கிறது. கூரையின் உருவம் அதற்கு அப்புறம் வருவது.

பெட்டி ஏன் பெட்டியாகவே இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்காட்சிக் கூடத்தின் நடுவில் தூண் இருந்தால் அரங்குகளை வேண்டியபடி அமைக்க முடியாது. 1999-ல் திறந்த சிங்கப்பூர் எக்ஸ்போவில் ஒவ்வொரு கூடமும் சுமார் 10,000 சதுர மீட்டர், உள்ளே ஒரு தூண் கிடையாது. இப்படிப்பட்ட கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே 10 முதல் 12 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். அதற்கு மேலே 60 மீட்டர் அகலத்தைத் தாண்டும் எஃகு ட்ரஸ், அதாவது முக்கோணங்களாகப் பின்னிய சட்டகம் வரும். அதன் ஆழமே 5 மீட்டரை எட்டும். ஆக ஒரு மாடிதான் என்றாலும் கட்டடத்தின் உயரம் ஐந்தாறு மாடி அளவுக்குப் போய்விடுகிறது. தரை சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் தாங்க வேண்டும். சாதாரண அலுவலகத் தரைக்குக் கேட்பதைப் போல ஐந்து மடங்கு. லாரி நேராக உள்ளே வந்து நிற்க வேண்டும், கிரேன் நகர வேண்டும். தரைக்கடியில் மின்சாரம், தண்ணீர், இணையம் போகும் கால்வாய்கள். மேலே விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் தொங்கவிடும் கொக்கிகள். மாநாட்டு அரங்கத்துக்கோ திரையில் படம் தெரிய இருட்டு வேண்டும், மடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கக் கூடாது. ஜன்னலுக்கு இங்கே வேலையே இல்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். வெப்பமண்டலக் கட்டடம் என்றதும் பலரும் வெயிலைப் பற்றியே யோசிக்கிறார்கள். கடலோரத்தில் பெரிய எதிரி காற்றில் கலந்திருக்கும் நீராவிதான்.

32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர நகரங்களில் இது சாதாரணமான நாள். இந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். அரங்கத்தின் உள்ளே 23, 24 டிகிரிதான் இருக்கும். குளிர்காற்று வரும் டக்ட்டின் வாயில் இன்னும் குளிர்ச்சி. ஆகவே வெளிக்காற்று புகும் ஒவ்வோர் இடமும், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தம்ளர் மாதிரி, வியர்க்கத் தொடங்கும். உட்கூரைத் தகட்டில் கறை, கம்பளத்தில் பூஞ்சை நாற்றம், கூட்டத்தின் நடுவே மேலேயிருந்து சொட்டும் ஒரு துளி. பார்க்கிறவர்கள் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். பல நேரம் அது மழைத் தண்ணீராகவே இருக்காது.

இதன் அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,000 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கம். சும்மா உட்கார்ந்து கேட்கும் ஒருவர் உடலிலிருந்து வெப்பமாகவும் ஈரமாகவும் ஏறக்குறைய 115 வாட் வெளியேறுகிறது. எல்லோருக்குமாகச் சேர்த்தால் 575 கிலோவாட். ஆளுக்கு விநாடிக்கு 5 லிட்டர் புதிய காற்று கொடுப்பதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 25 கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். மேலே சொன்ன 32 டிகிரிக் காற்றை அரங்கத்துக்கு ஏற்ற 24 டிகிரிக்கும் 55 சதவீத ஈரப்பதத்துக்கும் கொண்டுவர சுமார் 1,000 கிலோவாட் குளிர்ச்சி தேவைப்படுகிறது. அதாவது, உட்கார்ந்திருக்கும் மனிதர்களைக் குளிர்விப்பதைவிட அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பதப்படுத்தவே ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. அந்த 1,000-த்தில் பெரும்பகுதி காற்றின் சூட்டைக் குறைப்பதற்கு இல்லை, ஈரத்தைப் பிழிவதற்கு. மணிக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் அந்தக் காற்றிலிருந்து வடிகிறது. நல்ல மையங்களில் இதை வீணாக்காமல், ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவருக்கு அனுப்புகிறார்கள். சுத்தமான தண்ணீர், அதுவும் குளிர்ந்தது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றவை தன்னால் வரிசையாக வரும். வெளியேற்றும் காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிவிடும் சுழல் சக்கரங்கள் ஏன் பணத்தைத் திருப்பித் தருகின்றன, கூட்டம் குறைவாக இருக்கும்போது கரியமில வாயு உணரியைப் பார்த்துப் புதிய காற்றைக் குறைப்பது ஏன் அவ்வளவு பயன் தருகிறது என்பதெல்லாம் விளங்கும். 12 மீட்டர் உயரக் கூடத்தில் மனிதர்கள் புழங்குவது கீழே உள்ள 3 மீட்டரில் மட்டும்தான். மேலே இருக்கும் காற்றைக் குளிர்விப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. நிரந்தர இருக்கை உள்ள அரங்கில் இருக்கைக்கு அடியிலிருந்து மெதுவாகக் குளிர்காற்று விடலாம். கண்காட்சிக் கூடத்தில் தரை லாரிக்கு உரியது என்பதால் பக்கவாட்டு நாசில்களிலிருந்து வீச வேண்டியிருக்கும்.

அடுத்தது அழுத்தம். உள்ளே காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று வெளியே கசியும், ஈரக்காற்று உள்ளே வராது. இந்தச் சமநிலையைக் கெடுப்பது பெரும்பாலும் சமையலறை. ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு போடும் சமையலறையின் புகைபோக்கி விசிறிகள் ஏராளமான காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அதற்கு ஈடாகக் காற்று கொடுக்காவிட்டால் கட்டடம் முழுவதும் வெளிக்காற்றை எல்லா ஓட்டையிலிருந்தும் இழுக்கத் தொடங்கும். அரங்கத்தின் மூலையில் பூஞ்சை பிடிக்கிறது, காரணம் இரண்டு சுவர் தள்ளி இருக்கும் அடுப்பங்கரை என்பது பலருக்கு நம்பக்கூட முடியாது.

இன்னொன்று, நீராவியைத் தடுக்கும் படலம் சுவரின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. குளிர் நாடுகளில் உள்ளே வெதுவெதுப்பு, வெளியே உறைபனி. ஆகவே படலம் உள்பக்கம் வரும். வெப்பமண்டலத்தில் குளிரூட்டிய கட்டடத்துக்கு எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து வருகிறது, படலம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். குளிர் நாட்டு அலுவலகம் வரைந்த விவரப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி, வெளிச்சுவரின் உள்பக்கம் பளபளப்பான வினைல் தாள் ஒட்டினாலும் சரி, நீராவி அந்தத் தாளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பூஞ்சை வளரும். தாளை உரித்தால் கறுப்பாக இருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது கதவுகள். கண்காட்சி நாளன்று கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு நாளும், முடிந்த மறுநாளும், ஆறு மீட்டர் உயர ஷட்டர்கள் காலையிலிருந்து இரவு வரை திறந்தே கிடக்கும். சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஏசி போடுவது கடலைக் குளிர்விப்பதற்குச் சமம். போடாமல் விட்டால் ஈரம் கம்பளத்திலும் மரத்திலும் இறங்கி, ஏசி போட்டதும் வெளியே வரும். இதற்கு நல்ல பதில், இறக்குமிடத்தையே மூடிய நடுப்பகுதியாக்கி, வெளிக்கதவும் உள்கதவும் ஒரே நேரத்தில் திறக்காதபடி செய்வது. திறப்பு விழாப் பேச்சில் இது வராது. ஆனால் கட்டடம் நாற்றமடிக்காமல் இருக்க இது வேண்டும்.

பொதுமக்கள் வரும் பக்கமும் அப்படித்தான். வெளியே 32, உள்ளே 23. நடுவில் ஒரு தானியங்கிக் கண்ணாடிக் கதவு மட்டும். ஆயிரம் பேர் வரிசையாக நுழையும்போது அந்தக் கதவு மூடவே மூடாது. இதற்கு மாற்று, வெப்பநிலையைப் படிப்படியாக இறக்குவது. முதலில் நிழலும் மழைக்கு மறைப்பும் மட்டும் தரும் அகலமான போர்ட்டிகோ. பிறகு விசிறியும் காற்றோட்டமும் உள்ள, ஏசி இல்லாத முன்கூடம். பிறகு 26, 27 டிகிரியில் வைத்த கூடுமிடம். கடைசியில்தான் அரங்கம். பரப்பளவில் அரங்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது முன்கூடங்களுக்குப் போகும். அதையெல்லாம் அரங்கம் போலவே குளிரூட்டுவதா, பாதியைத் திறந்து விடுவதா என்பதுதான் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும்.

ஏற்கெனவே கட்டிய மூன்று மையங்கள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

கொழும்பில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பாக 1973-ல் திறக்கப்பட்டது. 1976-ல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்தது இங்கேதான். எண்கோண வடிவம். கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீள்கிறது. அதை உயரமான வெண்ணிறத் தூண்கள் சுற்றிலும் நின்று தாங்குகின்றன. அலங்காரம் என்று தோன்றும் அந்தத் தூண் வரிசைதான் வேலையையும் செய்கிறது: சுவரில் வெயிலும் மழையும் நேரடியாகப் படுவதில்லை. உள்ளே பெட்டி, அதைச் சுற்றி ஒரு நிழல் வளையம். எளிமையான யோசனை, அரை நூற்றாண்டு கழித்தும் பழசாகவில்லை.

மணிலாவில் லியாண்ட்ரோ லோக்சின் வடிவமைத்த பிலிப்பைன்ஸ் சர்வதேச மாநாட்டு மையம் 1976-ல் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் நடத்திய ஆண்டுக் கூட்டத்துக்காக எழுந்தது. கடலைத் தூர்த்த நிலத்தில் கனமான கான்கிரீட் தொகுதிகள், உள்வாங்கிய திறப்புகள், ஆழமான நிழல். கான்கிரீட்டின் கனம் பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது, புயலுக்கும் அசையாது. ஆனால் இது மூடிய கட்டடம். வெளியோடு உறவு குறைவு. அந்தக் காலகட்டத்தின் அதிகாரத் தோரணையும் அதில் தெரிகிறது, அதை விரும்புவதும் விரும்பாததும் அவரவர் விருப்பம்.

ஹொனலூலுவில் 1998-ல் திறந்த ஹவாய் மாநாட்டு மையம் எதிர்த்திசையில் போனது. லாபி திறந்தது, தென்னையினத்து மரங்கள் உள்ளேயே நிற்கின்றன, கடற்காற்று ஊடே போகிறது. அரங்கங்கள் மட்டும் மூடியவை. மாடியில் பெரிய தோட்டம். எனக்குப் பிடித்த மாதிரி இதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கக் கூடாது. ஹவாயில் ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வணிகக் காற்று நிதானமாக வீசுகிறது, வெப்பமும் மிதம். நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய, காற்று செத்துப்போகும் மாதங்கள் உள்ள ஊரில் அதே லாபி வேர்த்து வழியும் இடமாகிவிடும். அங்கே மெதுவாகச் சுழலும் பெரிய கூரை விசிறிகளும், சூடான காற்று மேலே போய் வெளியேறும் உயரமான திறப்பும் வேண்டும். அப்புறம், அந்த மாடித் தோட்டம். அழகானது, ஆனால் அதற்கு அடியில் இருப்பது அரங்கங்கள். அங்கே ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் கசிந்து, பழுதுபார்ப்பு கோடிக்கணக்கான டாலர் விவகாரமாகிவிட்டது. மண்ணையும் செடியையும் தளக்கல்லையும் அகற்றாமல் கீழே உள்ள நீர்த்தடுப்பைத் தொட முடியாது என்பதுதான் மாடித் தோட்டங்களின் நிரந்தரப் பிரச்சினை.

சரி, கடல் காட்சி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். அதிக வெயில் வாங்குவது கூரை. சுவர்களில் வடக்கும் தெற்கும் எளிதில் சமாளிக்கக்கூடியவை, ஒன்றிரண்டு மீட்டர் இறவாரம் போதும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. சாய்வாக வரும் வெயிலை எந்த இறவாரமும் மறைக்காது. ஆகவே கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும் என்பது பாடம். ஆனால் கடற்கரை வடக்கு தெற்காக ஓடினால் கடல் இருப்பது கிழக்கிலோ மேற்கிலோதான்! மேற்குக் கடற்கரையில் மாலை வரவேற்பு நடக்கும் அதே மணியில் வெயில் கண்ணாடி வழியே முகத்தில் அடிக்கும். திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள், கடலும் மறையும். கிழக்குக் கரையில் காலைப் பதிவு மேசையில் இதே கதை. முழுக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆழமான தாழ்வாரம் ஒன்றை வைத்து, செங்குத்துப் பலகைகளால் மறைத்து, ஆங்காங்கே மட்டும் கடலைக் காட்டினால் போதும் என்பது என் கட்சி. நாள் முழுவதும் எல்லா இடத்திலிருந்தும் கடல் தெரிய வேண்டும் என்று மாநாட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்பது விளம்பரப் படம்.

புயல் வரும் கரையில் அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அமெரிக்கப் புயல் பகுதிகளின் பரிசோதனையில் சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கண்ணாடி மீது எறிகிறார்கள். விரிசல் விடலாம், துளை விழக் கூடாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்த வகைதான் இதைத் தாங்கும். சட்டமும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி டார்வின் நகரத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்த ஊர் குறைவு. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் உள்ள இந்த நகரத்தை 1974 டிசம்பர் 25-ல் டிரேசி புயல் தாக்கியது. காற்று வேகமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டுச் செயலிழந்தது. நகரத்தின் கட்டடங்களில் 70 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது தெரிந்தது இது: ஒரே ஒரு பெரிய வீச்சில் கூரை பிய்த்துக்கொள்ளவில்லை. காற்று தகட்டைத் தூக்கும், விடும், மறுபடி தூக்கும். மணிக்கணக்கில் இப்படி ஆயிரக்கணக்கான தடவை ஆட்டியதில் திருகாணியைச் சுற்றித் தகடு களைத்துப்போய்க் கிழிந்தது. கூரை போனதும் அதன் பிடிமானத்தில் நின்ற சுவர்களும் சாய்ந்தன. அதற்குப் பிறகு அங்கே கூரைத் தகடுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பரிசோதிப்பது விதியானது. அதே நகரத்தின் நீர்முகப்பில் 2008-ல் மாநாட்டு மையம் திறந்தார்கள்.

217 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்கு 220 கிலோ அளவுக்கு அழுத்தம். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை அதைப் போல இரண்டு மடங்குக்குக்கூடப் போகும். ஒரு சதுர மீட்டர் உலோகக் கூரைத் தகட்டின் எடை 10 கிலோவைத் தொடாது. ஆக அங்கே எடை ஒன்றும் காப்பாற்றாது, பிடிமானம்தான் காப்பாற்றும். மெல்லிய, நீண்டு வெளியே துருத்தும், மேல்நோக்கி வளைந்த கூரை விளிம்பு படத்தில் மிடுக்காக இருக்கும். காற்றுக்கு அதைவிட வசதியான கைப்பிடி கிடையாது. இன்னும் ஒரு பலவீனம் சரக்கு ஷட்டர். அது ஒருமுறை உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரையைக் கீழேயிருந்தும் தள்ளும், மேலேயிருந்தும் இழுக்கும். பெரிய கூடங்களில் கூரை போவதற்கு முன்பு பெரும்பாலும் ஒரு கதவு போயிருக்கும்.

மழையைப் பொறுத்தவரை, ஹாங்காங் மாநாட்டு மையத்தின் 1997 விரிவாக்கத்துக்கு இருப்பது போன்ற 40,000 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், ஒரு மணி நேரத்தில் விழுவது 60 லட்சம் லிட்டர். இதை எங்கே விடுவது? வளைந்த கூரைகள் இரண்டு சந்திக்கும் பள்ளம் எல்லாம் தண்ணீர் சேரும் இடம். அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே அரங்கம் இருந்தால், ஒரு இலைக் குப்பை அடைத்தாலே போதும், மாநாடு நின்றுவிடும். வடிகால் கூரையின் வெளி விளிம்பில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தே தீர வேண்டும் என்றால் நிரம்பி வழியும் தண்ணீர் வெளியே விழும்படி மாற்றுவழி வேண்டும். மழைச் சத்தமும் உண்டு. ஒற்றைத் தகட்டுக் கூரையில் அடைமழை பெய்தால் மேடையில் பேசுவது கேட்காது. அதனால் தகட்டுக்கு அடியில் கனமான பலகை, அதன் கீழ் காப்பு அடுக்கு என்று போகிறது. கனம் கூடினால் சத்தம் அடங்கும், காற்றுக்கும் கொஞ்சம் நல்லது, ஆனால் 60 மீட்டர் ட்ரஸ் தாங்க வேண்டிய பாரம் ஏறும். இந்தப் பேரம்தான் பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் இடையே மாதக்கணக்கில் நடப்பது.

உப்பு மெதுவான எதிரி. உலோக அரிப்புக்கான ஐஎஸ்ஓ 9223 தரத்தில் அலையடிக்கும் கரையோரம் மிகக் கடுமையான வகைகளான சி5, சிஎக்ஸ் வரை போகும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியில் சில மாதங்களிலேயே பழுப்புக் கறை படியும். 316 தாங்கும், ஆனால் அதையும் கழுவ வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மழை படும் பரப்பைவிட மழை படாத பரப்புதான் சீக்கிரம் அரிக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. இறவாரத்தின் அடிப்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. இவ்வளவு நேரம் அகலமான இறவாரம் வேண்டும் என்று வாதாடினேன் அல்லவா, அதற்கான விலை இது. அடிப்பக்கத்துக்கு ஏணியோ நடைபாதையோ வைத்து, நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவும் ஏற்பாட்டை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். அலுமினியத் தகட்டில் வேறு உலோகத் திருகாணி நேரடியாகப் படக் கூடாது, ஏசியின் வெளிப்புறச் சுருள்களுக்குப் பூச்சு வேண்டும், கான்கிரீட்டில் கம்பியை மூடியிருக்கும் அடுக்கு வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.

கீழே தரையில் வேறொரு இழுபறி. லாரி நேராக உள்ளே வர வேண்டும் என்றால் கூடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். புயல் அலையும் கடல்மட்ட உயர்வும் நினைவில் இருந்தால் கூடத்தை மேலே தூக்க வேண்டும். மாநாட்டு மையங்கள் பலவும் தூர்த்த நிலத்தில் வருவதால் இது இன்னும் கூர்மையாகிறது. பொதுவான தீர்வு, தண்ணீர் புகுந்தாலும் பெரிதாக நஷ்டமில்லாத வாகன நிறுத்தத்தைக் கீழே வைத்து, கூடத்தை மேலே வைத்து, லாரிக்குச் சாய்தளம் கொடுப்பது. சாய்தளம் நிலத்தை விழுங்கும், பணமும் ஆகும். மின்மாற்றி, ஜெனரேட்டர், ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர் இவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் பேஸ்மென்ட்டில் வைக்கக் கூடாது.

ஆள் இல்லாத நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்த மாநாட்டு மையமும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருப்பதில்லை. இருக்கும் நாளிலும் பல நேரம் பாதிக் கூடம்தான் ஓடும். ஒரு பெரிய சில்லரைப் போட்டால் அது பாதிச் சுமையில் திணறும். அளவில் வேறுபட்ட பல சில்லர்கள் இருந்தால் தேவைக்கு ஏற்ப ஓட்டலாம். இரவில் குளிர்ந்த நீரைப் பெரிய தொட்டியில் சேமித்து, மறுநாள் கூட்டம் கூடும் நேரத்தில் பயன்படுத்துவது இந்த மாதிரிக் கட்டடத்துக்கே பிறந்த உத்தி, ஏனென்றால் உச்சத் தேவை சில மணி நேரம்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று ஏசியை முழுவதும் நிறுத்திவிட்டால், மூன்று வாரத்தில் கம்பளமும் மடக்குச் சுவரின் துணியும் ஈரம் குடித்துவிடும். குளிரூட்டாமல் ஈரத்தை மட்டும் எடுக்கும் தனி இயந்திரம் இருந்தால் குறைந்த செலவில் சமாளிக்கலாம். இதைப் பின்னால் சேர்ப்பது கடினம், தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

கடைசியாக, யாரும் திட்டமிடாமல் இந்தக் கட்டடங்களின் தலையில் வந்து விழும் ஒரு வேலை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, ஆற்றோர மேட்டில் இருந்த மாநாட்டு மையத்துக்கு ஏறக்குறைய 20,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அது புகலிடமாக ஏற்பாடு செய்த இடமே அல்ல. உணவு இல்லை, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய பிறகு, சான் ஹுவானில் உள்ள மாநாட்டு மையத்திலிருந்துதான் அரசு மீட்புப் பணிகளை நடத்தியது. 2020-ல் சிங்கப்பூர் எக்ஸ்போ கொரோனா நோயாளிகளைத் தங்கவைக்கும் இடமானது. அகலமான தரை, அடியிலேயே மின்சாரமும் தண்ணீரும், வரிசை வரிசையாகக் கழிப்பறை, பெரிய சமையலறை: பேரிடர் நேரத்தில் ஒரு நகரத்துக்குத் தேவைப்படுவதெல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை முன்பே ஏற்றுக்கொண்டு வடிவமைத்தால் கூரையின் பிடிமானமும் ஷட்டரின் வலுவும் ஒரு படி மேலே போகும், ஜெனரேட்டருக்குச் சில நாள் எரிபொருள் இருக்கும், குடிநீர்த் தொட்டி பெரிதாகும். மின்சாரம் போன மூடிய கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே இருக்க முடியாது என்பதால், கையால் திறக்கக்கூடிய காற்று வழிகள் சுவரின் அடியிலும் கூரைக்குக் கீழும் இருந்தாக வேண்டும். சாதாரண நாட்களில் அவை காற்றுப்புகாமல் இறுக மூடியிருக்க வேண்டும் என்பதால் இந்த வழிகளைச் செய்வது எளிதான வேலையும் இல்லை, மலிவான வேலையும் இல்லை.